வலது டாங்கின் கனம்

மூன்று பத்திரிகைகளும் மேசைமேல் கிடந்தன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சந்தா கட்டத்தான் அவன் அரைநாள் லீவு போட்டுவிட்டு விமான கிளப்பின் வாசிப்பறைக்கு வந்திருந்தான்.

அவன் லிப்ட் கம்பெனியில் இன்ஜினியர். அதனால் கிளப்பில் அவனுக்குப் பெயரே லிப்ட்தான். அவன் உள்ளே நுழைந்தாலே "லிப்ட் வந்தாச்சு, எல்லாரும் மேல போகலாம்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். மனைவி இறந்த பிறகு அந்த ஜோக்கை யாரும் எடுப்பதில்லை.

அவனுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. வெளியே எதுவும் தெரியாத மேகத்துக்குள், முன்னாலிருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டத் தனி உரிமம் வேண்டும். அதற்கான தேர்வுக்கு அனுப்ப கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். பார்சல் கம்பெனி ஒன்று இந்த மாதக் கடைசிவரை அவனுக்காக ஒரு விமானி வேலையைப் பிடித்து வைத்திருந்தது. லிப்ட் கம்பெனி, காலி வீடு இரண்டையும் விட்டு ஊர் மாறிப் போய்விடலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் தலைமைப் பயிற்சியாளர் நாளைக் கடத்திக்கொண்டே வந்தார். ஒரு தடவை வானிலை சரியில்லை என்றார். அடுத்த தடவை விமானம் பழுது என்றார். போன வாரம், இன்னும் ஆழமாகப் படி, நல்ல பத்திரிகையாக ஒன்றைப் பிடித்து ஒழுங்காகப் படித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேசும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

எதை வாங்கலாம் என்று அவன் மச்சானிடம் கேட்டான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். டயர் கடை வைத்திருப்பவர், கிளப்பில் பழைய ஆள், கருவி உரிமம் உள்ளவர். இரண்டாவதை வாங்கு, வரைபடம் எல்லாம் சுத்தமாக இருக்கும் என்றார் அவர். மூன்றாவது வெறும் புலம்பல் பத்திரிகை, காசுக்குப் பிடித்த கேடு, கையால்கூடத் தொடாதே என்றார்.

முதலாவதைப் புரட்டினான். வழவழப்பான தாளில் அவன் ஏழு ஜென்மத்திலும் வாங்க முடியாத விமானங்கள். மூடி வைத்தான். இரண்டாவது மச்சான் சொன்னபடியே இருந்தது. தரையிறங்கும் பாதைகள் கோடு கோடாய் வரைந்திருந்தன. நல்ல பத்திரிகைதான். அதையே சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தவன், மூன்றையும் பார்த்தேன் என்று மனசாட்சிக்குச் சொல்லிக்கொள்வதற்காக மூன்றாவதையும் எடுத்தான். மட்டமான தாள், மெலிந்த இதழ். கிளப்புக்கு வரும் பிரதி. தலைமைப் பயிற்சியாளர் படித்து முடித்த பக்கங்களின் மூலையில் வழக்கம்போலப் பென்சிலால் ஒரு டிக்.

அதில் 'நான் செய்த தவறு' என்று ஒரு பகுதி இருந்தது. விமானிகள் பெயர் போடாமல் தங்கள் தப்பைத் தாங்களே எழுதுவார்கள். படிக்கிற இன்னொருவன் அதே பள்ளத்தில் விழாமல் இருக்கட்டும் என்று ஒரு வழக்கம். மூலையில் டிக் இருந்த ஒரு பக்கத்தில் 'மேகத்துக்குள் ஒரு துக்கம்' என்று தலைப்பு.

நாலு வரி படித்ததும் அவன் உட்கார்ந்துவிட்டான்.

அது அவன் ஓட்டிய விமானம். மனைவி போன சில வாரங்களில், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்காதே என்று மச்சான்தான் அழைத்துப் போனார். வேலை பிரித்துக்கொண்டார்கள். அவன் கருவிகளைப் பார்த்து ஓட்ட வேண்டும். வலது இருக்கையில் மச்சான் ரேடியோவையும் எரிபொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விமானத்தில் இறக்கைக்கு ஒரு டாங்க். இஞ்சின் ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் குடிக்கும். அரை மணிக்கொரு தரம் மாற்றாவிட்டால் ஒரு பக்கம் காலியாகி மறுபக்கம் கனக்கும்.

மேகத்துக்குள் போனதும் அவன் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உணர்வு ஏமாற்றியது. விமானம் இடப்பக்கம் சாய்கிறது என்று உடம்பு அடித்துச் சொன்னது. கருவியோ நேராகப் போகிறது என்றது. இது எல்லோருக்கும் வருவதுதான். உடம்பு பொய் சொன்னால் கையை விட்டுவிடு, சரியாகச் சமன் செய்த விமானம் தன்னைத்தானே நேராக வைத்துக்கொள்ளும் என்று ஒர்க்‌ஷாப்பில் கிடந்த ஒரு பழைய இதழில் படித்திருந்தான். அதன் அடுத்த பக்கம் கிழிந்து போயிருந்தது. படித்த அளவை நம்பி அவன் கையை விட்டான்.

விமானம் வலப்பக்கம் புரண்டு தலைகுப்புற இறங்கத் தொடங்கியது. மச்சான் பாய்ந்து பிடித்து நிமிர்த்தினார். நிமிர்த்திய கையோடு அவர் விரல்கள் கீழே போய் டாங்கை மாற்றியதை அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். தரையிறங்கியதும் மச்சான் முகம் கழுவப் போன நேரத்தில் அவனே இறக்கைமேல் ஏறிப் பார்த்தான். இடது டாங்கில் அடி தெரிந்தது. வலது டாங்க் கிட்டத்தட்ட நிரப்பியபடியே இருந்தது. கிளம்பியதிலிருந்து விமானம் புரண்ட அந்த நிமிஷம் வரை மச்சான் ஒருமுறைகூட மாற்றவே இல்லை.

அவன் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, பிசைந்து, "ரெண்டு வாயாவது சாப்பிடு மாப்ளே" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். காதும் காதும் வைத்த மாதிரி இடது டாங்கை நிரப்பிவிட்டு இறங்கினான். மச்சான் திரும்பி வந்து, நடந்தது நம் இரண்டு பேரோடு போகட்டும் என்றார். அவன் தலையாட்டினான்.

இப்போது அது அச்சில் இருந்தது. உயரம், வேகம், மேகத்தின் நிறம் எல்லாம் அப்படியே. டாங்கைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. கடைசிப் பத்தியை அவன் திரும்பத் திரும்பப் படித்தான். 'என் தங்கையின் கணவன் கையை விட்டான். தெரிந்தே விட்டான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் செய்த தவறு, துக்கத்தில் இருப்பவனை நம்பி மேகத்துக்குள் போனது.'

இதழ் வந்த மாதத்தைப் பார்த்தான். வானிலை சரியில்லை என்று அவனைத் திருப்பி அனுப்பிய மாதம்.

அவனைக் காரில் கூட்டிப்போக மச்சான் சாவியை ஆட்டிக்கொண்டே வந்தார். "என்ன மாப்ளே, முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டவர், விரித்திருந்த பக்கத்தைப் பார்த்தார். சாவிச் சத்தம் நின்றது.

"பேரு போடலையே மாப்ளே."

"பொண்டாட்டி செத்தவன் இந்த கிளப்புல எத்தனை பேரு மச்சான்?"

மச்சான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தூக்கமே வரவில்லை, யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும்போல் இருந்தது, அனுப்பிய பிறகுதான் போட்டுவிடுவார்கள் என்றே உறைத்தது என்று இழுத்தார்.

"தெரிஞ்சேதான் விட்டியான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?"

அவன் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தான்.

"டாங்க் விஷயத்தை ஏன் எழுதல மச்சான்?"

மச்சானின் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்குத் தெரியும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை. அந்த ஒரு முகத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பயத்தில் எழுதியதை அவன் மன்னித்திருப்பான். ஆனால் இவர் பழியைப் பார்த்துப் பார்த்துப் பங்கு பிரித்திருக்கிறார். தன் பங்கை மறைத்துவிட்டு, முழுவதையும் செத்துப்போன தங்கையின் பெயரால் அவன் தலையில் கட்டியிருக்கிறார்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவன் எதிர் அறைக்குப் போனான். மச்சான் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

"இதையே வாங்கிக்கிறேன் மேடம்" என்று தலைமைப் பயிற்சியாளரின் மேசைமேல் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தான். அதில் வருகிற ஆள் தான்தான் என்றான். சாக வேண்டும் என்று கையை விடவில்லை, ஒரு கட்டுரையைப் பாதி படித்துவிட்டு முழுசாகத் தெரிந்தவன் மாதிரி நடந்துகொண்டேன், அதுதான் என் தவறு என்றான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சமன் செஞ்ச விமானம் கையை விட்டாலும் நேராத்தானே போகும்? அது ஏன் வலது பக்கம் புரண்டுச்சு?"

விடை அவன் நாக்கு நுனியில் இருந்தது. திரும்பி வாசலைப் பார்த்தான்.

"அதை மச்சான் சொல்லுவார் மேடம்."

மச்சான் சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். மறுபடி மாற்றினார். தலைமைப் பயிற்சியாளர் அவருக்கு வேண்டிய மட்டும் நேரம் கொடுத்தார். எதுவும் வரவில்லை. அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது போலிருந்தது. ஆணியில் தொங்கிய ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வா. மேகம் இருக்கிற வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம். கையெழுத்தைக் கீழ வந்து பேசுவோம். டாங்கை நான் மாத்த மாட்டேன். நீயே பார்த்துக்க."

வாசலில் மச்சான் ஒதுங்கி வழிவிட்டார். வெளியிலேயே இருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றார்.

"வேணாங்க" என்றான் அவன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்றைக்குத்தான் முதல்முறையாக மச்சான் என்ற சொல்லைச் சேர்க்காமல் பேசினான். "பஸ்ல போய்க்கிறேன்."