திருப்பி அனுப்பப்படாத பெயர்

காலை ஆறரை மணிக்கு ஹட்டன் நகரத்தில் முக்கால்வாசிப் பேர் கம்பளிக்குள் இருப்பார்கள். ஜீவராஜ் மட்டும் குளித்து, தலைவாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்க்க அந்த மாடி அறைக்கு யாரும் வரப்போவதில்லை. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் செல்லசாமிகூட வாடகைக்காக எப்போதாவது படியேறுவதோடு சரி. ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான். பெரட்டுக்குத் தலைவாராமல் போவது என்ன பழக்கம்?

தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. ஜீவராஜின் பெரட்டு கணினித் திரையில் நடந்தது. கொழும்பிலும் கண்டியிலும், கடல் தாண்டிச் சிங்கப்பூரிலும் இருக்கிற கணினிகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கப்படும். அன்றைய ரகசியச் சொல்லைச் சரியாகச் சொன்ன கணினி வலைக்குள் போகலாம். பட்டியலில் பெயர் இல்லாத கணினி அந்நியன். அதற்கு உள்ளே இடமில்லை. இவ்வளவுதான் அவன் எழுதிய மென்பொருள். இவ்வளவை வைத்துக்கொண்டுதான் ஒரு கம்பனி கொழும்பில் மூன்று மாடி எடுத்து உட்கார்ந்திருந்தது.

பட்டியலின் முதல் பெயர் ஹட்டன். அதாவது இந்த அறையில் இருக்கும் இந்தக் கணினி. தினமும் அந்தப் பெயர் திரையில் வந்து, பதில் சொல்லி, மேலே நகர்ந்த பிறகுதான் ஜீவராஜுக்குத் தான் இன்னும் அந்தக் கம்பனியில் இருப்பதாக நம்பிக்கை வரும். அதற்குப் பிறகுதான் தேநீர்.

தொடங்கியது தொண்ணூற்றேழில். ஜீவராஜ் நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். மயூரதன், ஹட்டனில் கணிதம் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியரின் மகன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள், இதே அறையில் இரண்டு பழைய கணினிகளைப் போட்டுத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தார்கள். ஒருநாள் நகரத்துக் கடன் கம்பனி ஒன்றில் யாரோ வெளியிலிருந்து ஒரு கணினியைக் கொண்டுவந்து அங்குள்ள வலைக் கம்பியில் மாட்டி, வாடிக்கையாளர் விபரமெல்லாம் பிரதி எடுத்துப் போய்விட்டான். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு இவர்களிடம் வந்தார்.

"இதுக்கு என்னடா செய்யிறது?" என்றான் மயூரதன்.

"காலையில பெரட்டு வச்சுட்டா என்ன?" என்றான் ஜீவராஜ். "தோட்டத்துல தெரியாத ஆளு ஒருத்தன் கொழுந்துக் கூடையைத் தூக்கிட்டு மலைக்குள்ள போயிர முடியுமா? பேரு கூப்புடுவாங்கல்ல."

மயூரதன் சிரிக்கவில்லை. அவனுக்கு எது விலை போகும் என்பது எப்போதும் தெரியும்.

அந்த வருடத்து மழைக்காலம் முழுவதும் ஜீவராஜ் எழுதினான். மின்சாரம் போனால் காகிதத்தில் எழுதினான். பட்டியலில் இல்லாத கணினிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபோது, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் மேற்பார்வையாளரான கண்டாக்கையா பிந்தி வருகிறவர்களிடம் சொல்வதையே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டான்: பேரு இல்ல, திரும்பிப் போ. கொழும்பு வாடிக்கையாளர்கள் இது என்ன பாஷை என்று கேட்டபோது, லத்தீன் என்று மயூரதன் கூசாமல் சொன்னான். அவர்களும் மரியாதையோடு தலையாட்டினார்கள்.

எழுதி முடித்த நாளில் ஜீவராஜ் இன்னொரு வேலையும் செய்தான். அதை மயூரதனுக்குச் சொல்லவில்லை.

அவன் மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஒரு காலை அவனுக்கு உடம்பு கொதித்தது. அம்மா அம்மாக்கண்ணு ஈரத்துணியை நெற்றியில் போட்டு எடுத்துக்கொண்டிருந்ததில் பெரட்டுக்குப் பிந்திவிட்டாள். ஓடிப் போய் நின்றவளைக் கண்டாக்கையா எல்லோருக்கும் முன்னால் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைய சம்பளம் போனது. மழையில் நனைந்து லயத்துக்கு வந்தவள் முந்தானையைப் பிழிந்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நல்லதாப் போச்சு. ஓம் பக்கத்துல இருக்கச் சொல்லி அந்தாளே அனுப்பிட்டாரு" என்றாள். அவனுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அம்மாவுக்கு நேர்ந்தது என்ன என்று புரிய இன்னும் சில வருடங்கள் ஆயின. புரிந்த பிறகு அந்தச் சந்தோஷமே அவனைக் குத்திக்கொண்டிருந்தது.

அதனால் அவன் எழுதிய பெரட்டில் ஒரு பெயரை மட்டும் எந்த நாளும், எந்த நேரமும், பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பக்கூடாது என்று ஒரு வரி வைத்தான். அம்மாக்கண்ணு. பிள்ளைத்தனம்தான். பூட்டு செய்கிறவன் எல்லாப் பூட்டுக்கும் பொதுவாக ஒரு சாவி செய்து சட்டைப்பையில் போட்டுக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு என்று அந்த வயதில் அவனுக்குத் தோன்றவில்லை. ஐந்து கணினி உள்ள ஒரு கடன் கம்பனிக்கு எழுதியதுதானே என்று இருந்துவிட்டான்.

ஐந்து ஐம்பதானது. தொண்ணூற்றொன்பதில் மயூரதன் கொழும்புக்குப் போனான். பெரட்டு என்ற பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாது என்று 'பரேட்' என்று மாற்றினான். தேயிலை ஏற்றுமதிக் கம்பனிகள் வாங்கின. காப்புறுதிக் கம்பனி வாங்கியது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி நோயாளர் விபரங்களையெல்லாம் அதை நம்பிப் பூட்டியது. இரண்டாயிரத்து இரண்டில் சமாதான ஒப்பந்தம் வந்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்து, அந்த லத்தீன் வாசகத்தின் கதையைக் கேட்டுக் குதூகலித்தார்கள். மயூரதன் உடனே அதைக் கோப்பையில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தான். ஒன்று தபாலில் ஹட்டனுக்கும் வந்தது. கம்பனியின் இணையதளத்தில், 'மலைநாட்டின் ஒரு சின்ன அறையில் பிறந்தது' என்று எழுதியிருந்தது. அந்த அறையில் இன்னும் ஓர் ஆள் இருக்கிறான் என்று எழுதியிருக்கவில்லை.

ஜீவராஜ் ஏன் போகவில்லை? ஒருமுறை போனான். தங்கியிருந்த லாட்ஜில் போர்க்காலப் பொலிஸ் சோதனை வந்தது. தோட்டத்து முகவரியும் தமிழ்ப் பெயருமாக இருந்தவனை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு இரவு தரையில் உட்கார வைத்துவிட்டு, தவறு நடந்துவிட்டது என்று விட்டார்கள். அதற்குப் பிறகு அம்மாவைச் சாட்டாகச் சொன்னான். அம்மா லயத்தை விட்டு வரமாட்டாள், அவள் இருக்கும்வரை நானும் வரமாட்டேன் என்றான். அம்மா இரண்டாயிரத்து மூன்றில் இறந்தாள். லயத்து வீட்டைத் தோட்ட நிர்வாகம் எடுத்துக்கொண்டது. அவன் தன் பெட்டியோடு இந்த அறைக்கே குடிவந்தான். அடுத்த மாதம் வருகிறேன் என்று மயூரதனிடம் சொன்னான். அந்த அடுத்த மாதம் மூன்று வருடமாக வந்துகொண்டேயிருந்தது.

மயூரதனின் தொலைபேசி முதலில் தினமும் வந்தது, பிறகு கிழமைக்கு ஒருமுறை, பிறகு ஏதாவது பழுது வந்தால் மட்டும். அவனுடைய கல்யாண அழைப்பு, 'அன்புள்ள ஊழியர்களுக்கு' என்று தொடங்கும் மின்னஞ்சலில் வந்தது. ஜீவராஜ் அதைத் திறந்து பார்த்துவிட்டு அன்று முழுவதும் ஒரு வேலையும் செய்யவில்லை.

இரண்டாயிரத்து ஆறு, கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, பெரட்டு தொடங்கியது. முதல் பெயராகக் கொழும்பின் ஒரு கணினி வந்தது. ஜீவராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். இரண்டாவது, மூன்றாவது என்று வேறு பெயர்கள் ஓடின. பிறகு திரை நின்றது. பேரு இல்ல, திரும்பிப் போ.

கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தான். ஒரு பெண் குரல் வந்தது. லோஜனா என்றாள். புதிதாகச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும்.

"நீங்கள் எந்தக் கொம்பனியிலை இருந்து கதைக்கிறீங்கள்?"

"நான்... ஹட்டன்ல இருந்துங்க" என்றான்.

"ஹட்டனிலை எங்களுக்குக் கஸ்ரமர் ஒருத்தரும் இல்லையே, ஐயா" என்றாள் அவள். மரியாதைக்குக் குறைவில்லை. விபரம் எழுதிக்கொண்டாள்.

மாலையில் மயூரதனே எடுத்தான். விமான நிலையத்தில் இருந்தான். பின்னால் அறிவிப்புச் சத்தம்.

"மச்சான், குறை நினைக்காதை. சிங்கப்பூர்க்காரர் கொம்பனியிலை பாதிப் பங்கு வாங்கப் போறாங்கள். ஓடிட் எண்டு எல்லாத்தையும் சோதிக்கிறாங்கள். ஒபீசுக்கு வெளியிலை இருக்கிற மெஷின் ஒண்டும் லிஸ்டிலை இருக்கக்கூடாதாம்."

"முதப் பேரு எப்பவும் ஹட்டன்தான்னு நீதானடா சொன்ன."

"சொன்னனான்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. நீ இஞ்சை வா, உன்ரை பேர் நாளைக்கே லிஸ்டிலை வரும். அங்கை இருந்துகொண்டு இனி ஏலாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "இன்னொண்டு. நாளண்டைக்கு நான் ஒரு கடதாசியிலை கையெழுத்து வைக்கவேணும். ஆருக்கும் தெரியாமல் உள்ளை வர எங்கடை சொப்ட்வெயாரிலை வழி ஒண்டும் இல்லையெண்டு. நீ எழுதினதிலை அப்பிடி ஏதும் இல்லைத்தானே?"

செல்லசாமி கடையில் கொத்து ரொட்டி போடும் சத்தம் கீழே விடாமல் கேட்டது.

"இல்லடா" என்றான் ஜீவராஜ்.

"எனக்குத் தெரியும். உன்ரை வாய்ச்சொல் போதும்."

ஜீவராஜ் தொலைபேசியை வைத்தான். அந்தப் பழைய வரி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கக் கணினியில் அம்மாவின் பெயரை அடித்தான்.

ஒரு தடையும் இல்லை. திறந்துகொண்டது. கொழும்பின் மூன்று மாடியும், அவற்றுக்குப் பின்னால் ஏற்றுமதிக் கம்பனிகளும், ஆஸ்பத்திரியும், சிங்கப்பூரும் அவன் முன்னால் விரிந்து கிடந்தன. யாரோ ஒரு கிழவனுக்கு இதயத்தில் அடைப்பு என்பது வரை பார்க்கலாம். பட்டியலும் இருந்தது. மேலே போய் ஹட்டன் என்று அடித்தான். முதல் பெயர். நாளைக் காலையில் வரும். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கண்டுபிடித்தாலும் மயூரதன் போட்டிருப்பான் என்று நினைப்பார்கள்.

சேமிக்கும் பொத்தானை அவன் அழுத்தியிருக்கலாம். ஒன்பது வருடத்து உழைப்புக்கு அது ஒன்றும் அதிகமில்லை. ஆனால் அவனுடைய கண் அந்தக் கிழவனின் பெயரிலேயே நின்றது. மலைநாட்டில் லயத்துக்கு ஓர் அம்மாக்கண்ணு இருப்பாள். கெட்டிக்காரன் எவனாவது ஒருநாள் அந்தப் பெயரை அடித்துப் பார்த்தால் போதும். நாங்களே நினைத்தாலும் உள்ளே வர முடியாது என்று எத்தனை வாடிக்கையாளருக்கு அவன் தொலைபேசியில் சத்தியம் செய்திருக்கிறான்! இனி மயூரதனும் கையெழுத்து வைக்கப் போகிறான். பொய்யைச் சொல்லியாகிவிட்டது. அதை உண்மையாக்க ஒரே வழிதான் இருந்தது.

ஹட்டனை அழித்தான். பிறகு பழைய வரிகளுக்குள் தேடிப் போனான். அந்த வரி அங்கேயே இருந்தது. அவனுக்குப் பிறகு எத்தனையோ பேர் அந்தப் பக்கமாகப் போயிருந்தும் யாரும் தொடவில்லை. கடைசியில் தானே அதை நீக்கி, நாளைக் காலைப் பெரட்டோடு எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்படி வைத்துவிட்டு வெளியே வந்தான். உள்ளே இருந்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாமே என்று பிறகுதான் தோன்றியது.

மறுநாளும் குளித்தான், தலைவாரினான், பொத்தானைக் கழுத்து வரை போட்டான். வழக்கத்தை என்ன செய்வது? ஆறரை தாண்டியதும் அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தான். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

பேரு இல்ல, திரும்பிப் போ.

சரியாகத்தான் வேலை செய்தது. எழுதியவன் பெருமைப்பட வேண்டிய காரியம். ஜீவராஜ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கீழே கடையில் கேட்குமே என்ற கூச்சம்கூட இல்லாமல் சத்தம் போட்டு அழுதான். எல்லோருக்கும் முன்னால் கண்டாக்கையா ஒருநாள் செய்ததை அவன் யாருமில்லாத அறையில் செய்திருந்தான்.

அழுது ஓய்ந்தபோது வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவனுக்குக் காய்ச்சலாக இருந்த அன்றைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அம்மா மழையோடு நேராக அவனிடம்தான் வந்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எழுந்து போய், மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.