வகுப்பு முடிந்த பிறகு

இரண்டாம் அலை ஊரடங்கு தொடங்கி ஐந்தாவது வாரம். சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில், வாடகை வீட்டில் ஸ்வாதி தனியாக இருந்தாள். அம்மா நர்ஸ், கொரோனா வார்டில் வேலை என்பதால் ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிவிட்டாள். மஸ்கட்டிலிருந்து அப்பா வர விமானம் இல்லை. ஸ்வாதி கல்லூரியில் சேர்ந்ததும் போனில்தான், படிப்பதும் போனில்தான்.

காலையில் ஆன்லைன் வகுப்பில் சியாமளா மேடம் பெயர் கூப்பிடும்போது "எஸ் மேடம்" என்பாள். பல நாட்களில் அவள் வாய் திறப்பது அவ்வளவுதான். அம்மா எப்போதாவது போன் செய்தாலும் குரலில் அத்தனை அசதி. "நல்லா இருக்கேம்மா" என்று ஸ்வாதியே சீக்கிரம் வைத்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து மேடம் போனார். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஸ்வாதிக்கு வெளியேற மனம் வரவில்லை. இன்னொரு பெயரும் போகாமல் நின்றது: அனு.

"இன்னாப்பா, நீ இன்னும் போவலியா?" அனுவின் குரலுக்குப் பின்னால் கடல் இரைந்தது.

"நீ ஏன் போகல?"

"எங்க போறது? வூட்ல ஏழு பேரு கீறோம். டவர் கெடைக்கும்னு படகு நெழல்ல வந்து குந்திகினு கீறேன். திருவிடந்தை எங்க ஊரு."

"ஏழு பேரா? கொடுத்து வச்சவ."

"நீ வேற. எங்க வூட்ல காலேஜு போறது நான் ஒருத்திதான். பாடத்த யார்கிட்ட பேசறது? எப்ப பாரு போனுன்னு திட்றாங்க."

"இங்க திட்டக்கூட ஆளில்ல" என்றவள் அழுதுவிட்டாள். முகம் தெரியாதவளிடம் அழுகிறோமே என்ற வெட்கம் வேறு.

அழுகை ஓய்ந்ததும் அனு, "துன்னியா?" என்று கேட்டாள்.

ஸ்வாதி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"எழுந்து போயி ஒல வையி. நான் லைன்லயே கீறேன்."

சோறு வெந்து வடிக்கும்வரை அனு போகவில்லை. அதன்பின் தினமும் எல்லோரும் போன பிறகு இருவரும் மிச்சமிருந்தார்கள். பாடம் பேசினார்கள், சண்டை போட்டார்கள். சில நாள் ஒன்றும் பேசாமல் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

பஸ் ஓடத் தொடங்கிய வாரமே ஸ்வாதி மாமல்லபுரத்தில் பஸ் மாறித் திருவிடந்தை போய் இறங்கினாள். அனு அவள் நினைத்ததைவிடக் குள்ளம். ஸ்வாதியைக் கரைக்குக் கூட்டிப்போனாள்.

வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்த அனுவின் அம்மா நிமிர்ந்தாள். "யார்டி இது?"

"என் காலேஜு பிரண்டும்மா" என்றாள் அனு, நாலு பேருக்குக் கேட்கும்படி.

"அப்டியா? வா கண்ணு, இப்டி குந்து."

ஸ்வாதி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.