மாமனாரின் கனைப்பு

என் மாமனார் இளையபெருமாளுக்கு இருமலே கிடையாது. அது கனைப்பு. ஆண்டிமடத்தில் முந்திரிக் கொல்லை வைத்திருக்கும் பெரிய மனிதர் இருமலாமா? மாமியார் ஊருக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். என் ஐந்து வயது மகள் பாப்பாத்திகூட, "தாத்தா கனைக்குது" என்றுதான் சொல்வாள். மாசம் பிறந்தால் மாமனார் 'கோர்ட்டு வேலை' என்று டவுனுக்குப் போய் டிபி மாத்திரை வாங்கி வருவார். எங்களுக்கு ஒரு வழக்கும் கிடையாது. கனைப்பு கொஞ்சம் அடங்கினால் போதும், கேஸ் ஜெயித்த மாதிரி மாத்திரையை நிறுத்திவிடுவார். இத்தனை கூத்தும் நாத்தனார் ஜெகதாம்பாள் கல்யாணத்துக்காக. டிபி வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

எழுபத்தெட்டு ஐப்பசியில் அவளுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளைக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலை வேலை. அதே மாதம் பாப்பாத்திக்குக் காய்ச்சல் பிடித்தது. தலைவலி, வாந்தி, எந்நேரமும் தூக்கம். வயிற்றில் பூச்சி என்றார்கள், வேப்பங்கொழுந்து கொடுத்தோம். கண்ணு பட்டுவிட்டது என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டோம். பிள்ளையின் ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்பிக்கொண்டபோது, பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று மாமியார் கண்டுபிடித்தார். அந்த ஊரில் வைத்தியம் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

கழுத்து விறைத்த பிறகுதான் அரியலூரில் ரயிலேறித் திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் டிபியாக இருக்கலாம், வேறு காய்ச்சலாகவும் இருக்கலாம் என்றார். கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பிள்ளை தாங்காது. வீட்டில் யாருக்காவது டிபி இருந்தால் சந்தேகமே இல்லை, இன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிடலாமாம்.

மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க வம்சத்துலயே கெடையாதுங்க."

சொல்லி முடிக்குமுன் கனைப்பு வந்துவிட்டது. குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கனைத்தார். வெற்றிலைச் சுண்ணாம்பு காரம் என்று டாக்டருக்கு விளக்கமும் சொன்னார். என் வீட்டுக்காரர் கண்ணையன் அப்பா முன்னால் வாயைத் திறப்பது சோறு தின்ன மட்டும்தான். மனசுக்குள் திட்டினேன். பாவிகளா, பிள்ளை சாகக் கிடக்கிறாள், உங்களுக்குக் கல்யாணமா? மருமகளாய் வந்த நாளிலிருந்து மாமனார் எதிரில் நான் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"அது இருமலுங்க டாக்டர். டிபிதான். மாத்திரைய பாதியில நிறுத்திட்டாருங்க. எம்புள்ள அவரு மடியிலதான் தூங்கும்."

டாக்டர் அன்றைக்கே ஊசியைத் தொடங்கினார். செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. சம்பந்தம் முறிந்தது. என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று மாமியார் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

மாமனார் மட்டும் வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார். பாப்பாத்தி ஒருவழியாகக் கண் விழித்த அன்றும் அங்கேதான் நின்றிருந்தார். அவர் சத்தம் கேட்டுப் பிள்ளை மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"தாத்தா கனைக்குதும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டை எடுக்காமலே வார்டு முழுக்கக் கேட்கும்படி அவர் பதில் சொன்னார்.

"கனைப்பு இல்ல தாயி. இருமல்."