கயபாவின் மூக்கு

இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் என்றால், கோச்சடைத் தேவாலயப் பங்கில் மரியராஜ் சாரைக் கேட்காமல் ஒரு திரைகூட ஏறாது. வசனம், பாட்டு, ஒப்பனை எல்லாம் அவர்தான். அதிலும் இயேசுவைச் சாவுக்கு அனுப்பும் தலைமைக்குரு கயபாவுக்கு அவர் மெழுகில் பிடித்து ஒட்டும் கொக்கி மூக்குக்கு ஊரே ரசிகர். கயபா மேடை ஏறியதும் சிறுசுகள் ஊளையிடும். "யூதப்பய மூஞ்சியப் பாரு" என்பார்கள் பெரியவர்கள். அதைக் கேட்டால் சாருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அதே சார்தான் ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலத்தில் கோயிலின் மறைக்கல்வி வகுப்பில் தொண்டை வறளப் பேசினார். பிள்ளைகளின் செல்போனில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. உலகத்துப் பணமெல்லாம் யூதர்கள் பெட்டியில், எல்லாச் சண்டைக்கும் அவர்களே காரணம் என்று.

"எவனோ நாலு பேரு செஞ்சத ஒரு சனத்துக்கே ஒட்டுறது பொய்யி. இந்த மாதிரிப் பொய்ய நம்பித்தான் அவங்கள லட்சம் லட்சமாக் கொன்னாங்க. இத எங்க பாத்தாலும் வாயத் தொறந்து தட்டிக் கேளுங்க," என்றார். பிள்ளைகள் தலையாட்டின. எவ்வளவு ஏறியது என்று அவருக்கே சந்தேகம்தான்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து ஒத்திகை. கயபா வேடம் ஆலனுக்கு. சார் மெழுகை உருட்டிக்கொண்டு அவனிடம் போனபோது, மாதாவாக நடிக்கும் பத்தாம் வகுப்பு ஆஷ்லின் நீல முக்காட்டோடு குறுக்கே வந்தாள்.

"சார், எனக்கும் ஒரு மூக்கு வேணும்."

"ஒனக்கு எதுக்கும்மா?"

"மாதாவும் யூதப் பொண்ணுதான சார். இயேசுவும் சீடர்களும் அப்டித்தான. ஒட்டுனா எல்லாருக்கும் ஒட்டுங்க. இல்லன்னா யாருக்கும் வேணாம்."

சாருக்குச் சுருக்கென்றது. "நாடகம் நடத்துறது நீயா நானா? இந்த மூக்குக்குத்தான் ஊரே கைதட்டுது."

அவள் நகரவில்லை. "நீங்கதான சார் கேக்கச் சொன்னீங்க."

சார் கையிலிருந்த மெழுகைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கோபம் போன இடம் தெரியாமல், இந்தப் பிள்ளை கேட்டுவிட்டதே என்று நெஞ்சு நிறைந்தது. "ஆலன், மூக்கு வேணாம். சொந்த மூஞ்சியோடயே நடிடா," என்றார்.

பெரிய வெள்ளியன்று சொந்த முகத்தோடு கயபா மேடை ஏறினான். ஊளையிடக் காத்திருந்த சிறுசுகள் விழித்தன. 'இவன் சாக வேண்டியவன்' என்று அவன் சொன்னபோது கூட்டத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "நம்ம வீட்டுப் பய மாதிரியே இருக்கான்டி," என்றாள்.

கைதட்டல் குறைவுதான். நாடகம் முடிந்ததும் மரியராஜ் சார் திரைக்குப் பின்னால் ஆஷ்லினைத் தேடிப் போய், இரண்டு கையையும் கூப்பினார்.

"என்ன சார் இது, எனக்குப் போயி."

"இம்புட்டு வருசமா ஊருக்கே பாடம் சொல்லிட்டுத் திரியிறேன்," என்றார் சார். "எனக்குச் சொல்ல நீ ஒருத்திதாம்மா வந்த."