திரைக்கு அடியில் ஒரு வரி

சாரங்கனின் குறும்படம் இனத்துவேசத்துக்கு எதிரானது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று அழைப்பிதழிலேயே அதைப் பெரிதாகப் போட்டிருந்தான். பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடி. பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்காரியைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அப்பா. கட்டடச் சொந்தக்காரன் எல்லாரையும் வெளியேற்றப் பார்க்கும்போது அவள் இவருக்காகப் பேசுகிறாள், இவர் திருந்திவிடுகிறார். படத்தில் திருந்துவது எவ்வளவு சுகம்!

அப்பாவாக விமலநாதன் நடித்தார். ஹெயிட்டிக்காரியாக மிரேய். படப்பிடிப்பில் சாரங்கனுக்கு உதவியாக நின்ற கஜந்தினிக்கு அவள் நிஜமாகவே பக்கத்து வீடு. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை. கஜந்தினியின் மகனுக்குக் காய்ச்சல் என்றால் வேலைக் களைப்போடு முதலில் ஓடி வருகிறவள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கஜந்தினி கேட்டாள் என்பதற்காகவே நடிக்க வந்தாள்.

படத்துக்கு அடியில் வரும் பிரெஞ்சு வசனத்தை எழுதியதும் கஜந்தினிதான். ஒரு காட்சியில் மிரேய் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு கதவைத் தட்டுவாள். விமலநாதன் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி மகளிடம் சொல்வார்: “வெளியில வராதை பிள்ளை, காப்பிலி வந்து நிக்குது.”

கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்கிற அந்தச் சொல்லை விட்டுவிட்டு, ‘பக்கத்து வீட்டுக்காரி வந்திருக்கிறாள்’ என்று எழுதச் சொன்னான் சாரங்கன்.

“அப்ப அவர் பேந்து எதில இருந்து திருந்துறார்?” என்று கேட்டாள் கஜந்தினி.

“தமிழாக்களுக்கு விளங்கினால் காணும். மற்றவைக்கு முன்னால எங்கட மானத்தை வாங்காதையுங்கோ அக்கா.”

அவளும் வாயை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தாள்.

தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் படம் ஓடியது. அந்த வசனம் வந்ததும் மண்டபம் அதிர்ந்தது. வெட்கப்பட வேண்டிய இடம் என்று சாரங்கன் நினைத்த இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்தர் விசில் கூட அடித்தார். முன்வரிசையில் இருந்த மிரேயும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள்.

படம் முடிந்ததும் நடிகர்களை மேடைக்கு அழைத்தார்கள். மிரேய் பிரெஞ்சில் கேட்டாள்: “நான் கதவைத் தட்டியதும் ஏன் அப்படிச் சிரித்தீர்கள்? அவ்வளவு நன்றாகவா நடித்தேன்?”

மொழிபெயர்க்க மைக்கோடு நின்ற கஜந்தினி அதைத் தமிழில் சொன்னாள். விமலநாதன் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“நல்லா நடிச்சவ எண்டு சொல்லி முடியுங்கோ அக்கா,” என்றான் சாரங்கன், பல்லைக் காட்டியபடி.

அந்தப் பல்லைப் பார்த்ததும் கஜந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விமலநாதன் சொன்ன சொல் எது, அதற்கு என்ன அர்த்தம், அதை மறைத்துத் தான் என்ன எழுதினாள், எல்லாவற்றையும் பிரெஞ்சில் போட்டு உடைத்தாள்.

பிரெஞ்சு தெரிந்தவர்கள் முதலில் எழும்பினார்கள். “சொந்தச் சனத்தைக் காட்டிக் குடுக்கிறியோ?” “வெக்கமில்லையோடி உனக்கு?” “மைக்கை நிப்பாட்டுங்கோ!” மைக் நின்றது. நாற்காலிகள் உருண்டன.

கஜந்தினி அவர்களைப் பொருட்படுத்தவில்லை. மிரேயைத்தான் பார்த்தாள். அவள் இப்போது தன் கையைப் பிடிப்பாள் என்று உள்ளூர எதிர்பார்த்தாள். படங்களில் உண்மையைச் சொன்னவளைக் கட்டித்தானே பிடிப்பார்கள்.

மிரேய் அருகில் வந்தாள்.

“அந்தக் காட்சியை அன்று பின்னேரம் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் அவர் அதைத்தான் சொன்னாரா?”

“ஓம்,” என்றாள் கஜந்தினி, வாயில் பிரெஞ்சு வராமல்.

அந்த ஒரு தமிழ்ச் சொல் மிரேய்க்கு விளங்கியது.

“நீ கமெராவுக்குப் பக்கத்தில்தான் நின்றாய்,” என்றாள் அவள். “இன்னும் நன்றாகச் சிரி மிரேய் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய்.”

தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு அவள் படியேறிப் போனாள்.