குறுக்கே கிடந்த பட்டைகள்

காந்தக் கூடத்தில் காரின் ஹால்வர்சனுக்குக் கிடைத்தது ஐந்தே நாள். அதற்கே எட்டு மாதம் காத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை, திரையில் கோடு எழும்பிய விதத்தைப் பார்த்ததும் காபிக் கோப்பையை நங்கென்று வைத்தாள்.

கடும் காந்தப் புலத்தில், கடும் குளிரில், எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டம் பாதி நிரம்பியிருக்கும்போது அவை பட்டை பட்டையாக வரிசை கட்டும். பட்டை நெடுக மின்சாரம் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே போகத் திணறும். அவள் அளந்த வகைக் குறைகடத்திச் சில்லில் பட்டைகள் வழக்கமாக ஒரே திசையில்தான் கிடக்கும். காரினுடையதில் அதற்குக் குறுக்கே கிடந்தன.

மினசோட்டாவிலிருந்த தன் ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் ட்ராட்மனைப் போனில் அழைத்தாள்.

"ஒயரை மாத்திக் கட்டியிருப்பே."

"மூணு தடவை பார்த்துட்டேன் சார்."

"அப்போ சில்லைத் திருப்பி ஒட்டியிருப்பே. வெளியே எடு."

"எடுத்தா ரெண்டு நாள் போயிடும். இதுல எலக்ட்ரான் நெருக்கம் ஜாஸ்தி, அதனாலகூட திரும்பியிருக்கலாம்ல?"

"உன் தப்புக்கு எலக்ட்ரான் மேல பழி போடாதே. எடு."

காந்தத்தைப் பார்த்துக்கொள்ளும் வெண்டல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவர் கேக்கிற ஆளில்லம்மா. வா, கழட்டுவோம்."

கழற்றிப் பார்த்தால், சில்லு சரியாகத்தான் ஒட்டியிருந்தது. காரினுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வேண்டுமென்றே அதைக் கால் வட்டம் திருப்பி ஒட்டி மறுபடி குளிர வைத்தாள். ஐந்தாம் நாள் மதியம், சில்லோடு சேர்ந்து பட்டைகளும் திரும்பியிருந்தன. கோளாறு ஒயரில் என்றால் அவை திரும்பாமல் அப்படியே கிடந்திருக்கும்; ஒயர் மேல் இனி யாரும் குறை சொல்ல முடியாது.

"பிரமாதம்!" என்றார் ட்ராட்மன், அவள் போனில் சொன்னதும். "எந்த நெருக்கத்துல திசை மாறுதுன்னு அளந்தியா?"

"அதுக்கு வெச்சிருந்த நாள்லதான் சார் கழட்டச் சொன்னீங்க."

காரின் போனை வைத்துவிட்டாள்.

மிச்சமிருந்தது மூன்று மணி நேரம். நெருக்கத்தைக் குறைத்துக்குறைத்து அளந்தாள். முதல் புள்ளியில் பட்டைகள் குறுக்கேதான் கிடந்தன. இரண்டாவதில் இரு திசையிலும் ஒரே தடை, திசை மாறப்போகும் அறிகுறி. மூன்றாவதற்குள் அடுத்த குழு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

"ரெண்டே புள்ளியை வெச்சு என்னம்மா பண்ணுவே?" என்றார் வெண்டல்.

"நேர்கோடு போடுவேன். ரெண்டு புள்ளிக்கு அது தப்புன்னு அவராலயும் சொல்ல முடியாது."

தரவைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிப்ரவரியில் மறுபடி காந்தத்தைக் கேட்கும் விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பத் தொடங்கினாள்.