முழுசாய் வந்தது

தட்டை மேலே வைத்து அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மகள் கேக் டின்னைக் கவிழ்த்தாள். டின்னைத் தூக்கிப் பார்த்தால், ஓரம்கூட ஒட்டாமல் கேக் அழகாக உட்கார்ந்திருந்தது. அவள் கையால் ஒரு கேக் முழுசாய் வந்தது இதுதான் முதல் தடவை. யாரிடம் பீற்றிக்கொள்ள வேண்டுமோ அந்த அம்மா அடுத்த அறையில் கண்மூடிக் கிடந்தாள்.

இன்றோ நாளையோ என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அம்மாவுக்கு அது பெரிய கவலையாக இல்லை. நாளை ஞாயிறு, சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும் மேசைக்கு அவளுடைய கேக் போயாக வேண்டும். அதற்காகவே சமையலறையை ஒட்டிக் கட்டிலைப் போடச் சொல்லி, வாசனையை வைத்தே மகளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டின் சட்டம் அப்படி. முழுசாய் வந்தது ஆண்டவருக்கு. உடைந்தது, கருகியது, நடுவில் குழி விழுந்தது எல்லாம் வீட்டுக்கு. நல்லதை நாம் தின்றுவிட்டு மிச்சத்தை அவருக்குக் கொடுப்பதா என்பாள் அம்மா. மகள் கருகிய ஓரம் தின்றே வளர்ந்தாள். அம்மாவும் தன் கையால் சுட்ட நல்ல கேக்கை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. இன்றாவது ஒரு துண்டு கொடுத்துவிட வேண்டும் என்று மகளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

தட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"என்னோடத விட நல்லா வந்திருக்கு" என்றாள் அம்மா.

"ஒரு துண்டு வெட்டட்டுமாம்மா?"

"கத்திய வைக்காத. அது நாளைக்கு."

மகள் சமையலறைக்குத் திரும்பினாள். அப்பா மூலையில் உட்கார்ந்து நாளைக்கான சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் இரண்டு கட்டைவிரலையும் கேக்கின் நடுவில் வைத்து அமுக்கினாள். அது இரண்டாகப் பிளந்தது. அப்பா காலரைத் திருப்பிப் போட்டார்.

"அம்மா, கை தவறி உடஞ்சுபோச்சு."

அம்மா மகளின் விரல்களைப் பார்த்தாள். பிறகு, பின்னாலேயே வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"ஆமா, நான் பாத்தேன். தவறித்தான்" என்றார், பொய் சொல்லிப் பழக்கமில்லாத அந்த மனிதர்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உடஞ்சா நமக்குத்தானே. குடு."

மகள் கிள்ளி ஊட்டியதை அம்மா வாயிலேயே வைத்துக் கரைத்தாள்.

"பரவால்ல" என்றாள் கடைசியில். "ஆண்டவருக்கு நல்லதாத்தான் குடுத்திருக்கேன்."

உடனே அடுத்ததைச் சுடச் சொன்னாள். இரண்டாவது கேக் ஓவனுக்குள் போனதும் மகள் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். அப்பா பழைய கதையை எடுத்துவிட்டார். அம்மாவுக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை ஆண்டவருக்கே ஊழியம் செய்யப் போய்விட்டாராம். முழுசானவர் அங்கே போனார், உடைந்தது எனக்கு வந்தது என்று அம்மா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்காட்டுவாள். இன்று அவளுக்காக அவரே அதைச் சொன்னார். அவள் உதடு மட்டும் அசைந்து சிரித்தது.

வாசனை எழும்பியது. அம்மா கண் திறக்காமலே, "எந்திரி, இப்ப எடு" என்றாள்.

மகள் கையை விடவில்லை.

"போடீ. கருகிட்டா இதுவும் நமக்குத்தான் வரும்."

அவள் போனாள். டின்னை வெளியே எடுத்து, ஆறவிடக்கூடப் பொறுமையில்லாமல் கவிழ்த்தாள். தட்டோடு திரும்பி வந்தபோது அம்மாவின் கை அப்பாவின் கைக்குள் இருந்தது. மூச்சு நின்றிருந்தது.

"எப்படி வந்திருக்கு?" என்று கேட்டார் அப்பா, தலையைத் தூக்காமல்.

"முழுசா வந்திருக்குப்பா."

அவர் குனிந்து, அம்மாவின் காதில் அதைச் சொன்னார். அவள் உதட்டோரத்தில் கேக் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர், அதை மடித்து மறுபடியும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.